அச்சின் தகப்பன் யார்?

கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் கரையேறிக் கிடக்கும் கண்ணாடியிழைப் படகுகளை ஒருவர் வரிசையாகப் பார்த்துச் செல்வாராயின், அவற்றுட் பல ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றக் காண்பார். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியாக வந்தவையும் அவற்றுள் உள. ஒரு படகின் மேல் மெழுகு பூசி, இழைப்பாயும் பிசினும் இட்டு, இறுகியதும் உரித்தெடுத்தால் அதுவே அடுத்த படகுக்கு அச்சாகிவிடும். அதன்பின் எது மூலம், எது பிரதி என்று வெளித்தோற்றம் கொண்டு கூறுதல் அரிது.

இதே சிக்கல், 1950களில் இங்கிலாந்தில் பெருகிய கண்ணாடியிழை ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றை ஆராய்வோரையும் அலைக்கழித்து வருகின்றது. அக்காலத்தில் முழுமையான புதிய காருக்கு அங்கே கொள்வனவு வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்திக் கொண்டால் அவ்வரி இல்லை. 1973 ஏப்ரலில் பெறுமதி சேர் வரி வரும்வரை இச்சலுகை நீடித்தது. பழைய போர்ட் காரொன்றின் துருவேறிய தகரத்தைக் கழற்றி வீசிவிட்டு, அதன் அடிச்சட்டத்தின் மேல் புதிய கண்ணாடியிழை உடலை ஏற்றினால், சாமானிய இளைஞனுக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வாய்த்தது. போர்ட் சட்டத்தின் இரு அச்சாணிகளுக்கு இடையிலான 90 அங்குல அளவுக்கென்றே பல பட்டறைகள் உடல்களை வார்த்து விற்றன.

இத்தகைய காரொன்று இன்று கொட்டிலொன்றிலிருந்து வெளிப்படும்போது ஆவணமும் பொய் சொல்லாமலே வழிதவறச் செய்யும். பதிவுப் புத்தகம் 1938 ஆம் ஆண்டுப் போர்ட் என்று கூறலாம். உடலோ அதற்கு இருபது ஆண்டுகள் இளையதாயிருக்கும். விற்பவர் பெரும்பாலும் லோட்டஸ் என்றே சொல்வார், அப்பெயருக்கே விலை என்பதால். ஆனால் 1957 இல் அறிமுகமான லோட்டஸ் எலீட்டில் கண்ணாடியிழை உடலே சட்டமாகவும் அமைந்திருந்தது. அடியில் போர்ட் சட்டம் கிடந்தால் அது எலீட் அன்று. அவ்வளவுதான்.

பெயர்த்தகடு இருந்தாலும் வழக்குத் தீராது. 1950களின் நடுப்பகுதியில் பீட்டர் பெலண்டைன், கீத் வாடிங்டன் ஆகிய இருவரும் ஆஷ்லி என்னும் பட்டறையைத் தொடங்கினர். கூட்டுப் பிரிந்தபோது பெலண்டைன் சில அச்சுகளைக் கொண்டு சென்று பால்கன் என்ற பெயரில் விற்கலானார். ஆகவே ஒரே வடிவ உடல் இரு பெயர்களில் உலவியது. அவற்றை வேறுபிரித்தறிய உடலின் உட்புறத்தையே நோக்க வேண்டும்: இழைப்பாய் இடப்பட்ட விதம், கதவோர மடிப்பு, ஒட்டுப் பலகைகளின் இடம். பளபளக்கும் வெளிப்புறத்தைப் பார்ப்பது வீண்வேலை.

இவ்வகைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சப்ராவின் கதையாகும். இஸ்ரேலின் ஹைபா நகரில் ஓட்டோகார்ஸ் நிறுவனத்தை நடத்திய இட்சாக் சுபின்ஸ்கி அமெரிக்கச் சந்தைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விரும்பினார். உடலை ஆஷ்லியிடமும், சட்ட அமைப்பை லெஸ்லி பலமியிடமும் பெற்று, இரண்டையும் பொருத்தும் பணியை ரிலையன்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். 1961 இல் நியூயோர்க் கண்காட்சியில் அக்கார் வைக்கப்பட்டது. அதே காரைச் சிறு மாற்றங்களுடன் சேபர் என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்றது ரிலையன்ட்.

அந்த ரிலையன்டின் வழித்தோன்றல் ஒன்று நமக்கு அயலிலும் ஓடியது. ஸ்போர்ட்ஸ் கார் அன்று; சிறிய குடும்பக் கார். 1982 இல் பெங்களூரின் சிபானி நிறுவனம் வெளியிட்ட டொல்பின், ரிலையன்டின் கிற்றன் என்னும் கண்ணாடியிழைக் காரேயாம். 848 கனசென்ரிமீற்றர் எஞ்சினும் அங்கிருந்து வந்ததே.

அச்சைச் செதுக்கியவனையே மூலகர்த்தா எனக் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. சப்ராவை விரும்பிப் பெற்றது ஹைபாவின் நிறுவனம். முதற்றொகுதிக் கார்கள் இங்கிலாந்தின் டாம்வர்த்தில் உருவாயின. எஞ்சின் போர்ட் கொன்சல் காருடையது. ஆஷ்லியின் பெயர் மாத்திரம் அக்காரின் பெயரில் இல்லை.