கடல் கடந்த கிடேரிகள்

போருக்குப் பின் – தொடர் 9

சினைக் கிடேரியை லாரியில் ஏற்றி அடுத்த ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. அதை ரயிலில் ஏற்றி, துறைமுகத்தில் நாள்கணக்கில் கட்டிவைத்துத் தீனி போட்டு, போர்க்காலக் கடலில் கப்பலேற்றி அனுப்புவதென்றால்? 1944 ஜூலையில் அமெரிக்காவில் சில விவசாயிகள் அதைத்தான் செய்தார்கள். இந்தியானா மாநிலத்திலிருந்து கிளம்பிய 18 கிடேரிகளில் ஒன்று வழியில் நோயுற்று நின்றுபோனது. மீதி 17 கிடேரிகள் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கப்பலேறி, கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போயின. பால் என்பதையே அபூர்வமாகப் பார்த்த ஏழைக் குடும்பங்களுக்கு அவை இலவசமாகக் கொடுக்கப்பட்டன.

இந்தத் திட்டத்துக்கென்று முதன்முதலில் வளர்க்கப்பட்ட மூன்று கிடேரிகளுக்கு வைத்த பெயர்கள்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கொரிந்தியர் நிருபத்தில் பவுல் சொல்லும் அதே மூன்றுதான். இதிலிருந்தே அனுப்பியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊகித்துவிடலாம்.

உண்மையில் அந்த மாடுகளைப் போர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்ப யாரும் திட்டமிடவில்லை. மனதில் இருந்தது ஸ்பெயின். ஐரோப்பாவுக்கான கடல்வழியை உலகப்போர் அடைத்துவிட்டதால்தான் பக்கத்துத் தீவுக்குப் போயின. ஸ்பெயின் ஏன் மனதில் இருந்தது என்பதற்கு ஏழாண்டுகள் பின்னே போக வேண்டும்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கெர்னிகா நகரின்மேல் குண்டு விழுந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அதே 1937ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நாற்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்கர் ஸ்பெயினில் வந்து இறங்கினார். பெயர் டான் வெஸ்ட். இந்தியானாக்காரர். ஆசிரியராக இருந்தவர், விவசாயி, எல்லாவற்றுக்கும் மேலாகச் 'சர்ச் ஆஃப் தி பிரெத்ரன்' சபையின் ஊழியர். 1708இல் ஜெர்மனியில் தோன்றி அமெரிக்காவில் வேரூன்றிய இந்தச் சபையார் ஆயுதம் ஏந்துவதைப் பாவமென்று கருதுபவர்கள். முதல் உலகப்போரில் ராணுவம் அழைத்தபோது துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று மறுத்தவர் வெஸ்ட். சண்டைக்குப் போகாதவன் சண்டையால் கெட்டவர்களுக்காவது போக வேண்டும் என்பது அவருடைய நியாயம். போரை மறுக்கும் இன்னொரு கிறிஸ்தவச் சபையாரான குவேக்கர்கள் நடத்திய நிவாரணப் பணியில் சேர்ந்துகொண்டார். குடியரசுத் தரப்பு, அதை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவின் தரப்பு என்று பார்க்காமல் இருபுறத்துப் பிள்ளைகளுக்கும் உணவு கொடுப்பது பணி.

உணவு என்றால் பெரும்பாலும் பால்பவுடர்தான். தண்ணீரில் கரைத்து ஆளுக்கொரு கோப்பை. வரிசை நீளம், பவுடர் கொஞ்சம். இன்றைக்கு யாருக்கு ஊற்றுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்ற முடிவை ஊற்றுகிறவன் எடுக்க வேண்டும். ஊற்றிய பிள்ளையும் மறுநாள் அதே பசியோடு அதே வரிசையில்தான் நிற்கும். நிவாரண முகாமில் வேலை பார்த்த எவரையும் கேட்டுப் பாருங்கள், உடம்பு நோவைவிட இந்தத் தீர்ப்பு சொல்லும் வேலைதான் ஆளைத் தின்றுவிடும் என்பார்கள். வெஸ்டையும் தின்றது. இவர்களுக்கு ஏன் ஒரு கோப்பைப் பாலைக் கொடுக்கிறோம், ஒரு பசுவைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. ஒரு வாதுமை மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது, தன் ஊரின் செழித்த புல்வெளிகள் நினைவுக்கு வந்து இது தோன்றியதாகச் சொல்வார்கள். ஸ்தாபனங்களின் பூர்வகதைகளில் எப்படியும் ஒரு மரம் வந்துவிடுகிறது. மரம் இருந்ததோ இல்லையோ, யோசனை இருந்தது.

1938இல் ஊர் திரும்பினார். திரும்பியதும் சபை எழுந்து நின்று கைதட்டவில்லை. பசுவைக் கடல் தாண்டி அனுப்புவதாவது என்றுதான் பலருக்குத் தோன்றியது. நான்காண்டுகள் விடாமல் பேசினார். 1942இல் வடக்கு இந்தியானாவின் பிரெத்ரன் விவசாயிகள் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு சபையின் தலைமையும் ஏற்றது. 'நிவாரணத்துக்குக் கிடேரிகள்' என்று திட்டத்துக்குப் பெயர். ஒருவர் கன்று கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், மூன்றாமவர் தீவனச் செலவை ஏற்பார். பணம் புழங்காத நாட்டுப்புறத்துக்கு இது தோதான ஏற்பாடு.

ஏன் கறவைப் பசு வேண்டாம், சினைக் கிடேரி? விவசாயி போட்ட கணக்கு அது. கறவையைக் கப்பலில் கொண்டுபோனால் நாள் தவறாமல் இருவேளையும் கறந்தாக வேண்டும், தவறினால் மடி கெடும். கிடேரிக்கு அந்தத் தொல்லை இல்லை. போய்ச் சேர்ந்து கன்று ஈன்றதும் பால். முன்னால் பல ஈற்று ஆயுள். ஒரு மாடு போய் இரண்டாக நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் இந்தத் திட்டம் எண்பதாண்டு தாண்டி நிற்பதற்குக் காரணம் மாடு அல்ல, கூடவே போன நிபந்தனை என்பேன். மாடு வாங்குகிறவர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: அது ஈனும் முதல் கிடேரிக் கன்றை வளர்த்து, தன்னைப் போலவே ஏழையான இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அத்தோடு கடன் தீர்ந்தது. அதன்பின் மாடும் கன்றுகளும் முழுக்க அவருடையவை.

மேலுக்கு இது தர்மசிந்தனை போலத் தெரியும். உள்ளே இருப்பது நல்ல நிர்வாகம். கொடுத்த மாட்டை விற்றுத் தின்றுவிட்டார்களா, தீனி போடுகிறார்களா என்று பார்க்க இந்தியானாவிலிருந்து யாரும் வர முடியாது. வரத் தேவையும் இல்லை. அடுத்த கன்று யாருக்கென்று முடிவாகியிருக்கிறதோ அந்தக் குடும்பம் இரண்டு தெரு தள்ளிக் காத்திருக்கிறது. மாட்டுக்குச் சளி என்றாலும் அவர்களுக்குத்தான் முதலில் தூக்கம் போகும். இதைவிடக் கறாரான கண்காணிப்பாளரை எந்த அலுவலகமும் நியமிக்க முடியாது. இன்னொன்று, வாங்கிய கை கொடுத்த கையாக மாறிவிடுவதால், ஊரில் அந்தக் குடும்பத்தின் நிலையே மாறிவிடுகிறது. வெஸ்டுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

நம் பக்கத்தில் கால்நடையை ஒப்படைத்துக் கடமை விதிப்பது புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் அதற்கு ஈடு 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள். அவற்றை வாங்கிக்கொள்ளும் இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரவிக்கொள்ள வேண்டும். கணக்கில் அந்த ஆடுகளுக்குச் சாவில்லை, ஆகவே இடையரின் கடமைக்கும் முடிவில்லை. அது இடையரோடு முடியாமல் அவர் வாரிசுகளுக்கும் இறங்கும். நெய் எப்போதும் கீழேயிருந்து மேலே போகும். இன்றைக்கும் கிராமங்களில் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விட்டுக் குட்டியில் பங்கு எடுக்கும் வழக்கத்தில் லாபத்தின் திசை அதுதான். வெஸ்டின் ஒப்பந்தத்தில் கடமை ஒரே ஒரு கன்று, அதுவும் கொடுத்தவனுக்குத் திரும்பாமல் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1945இல் ஐரோப்பாவில் போர் முடிந்தது. வாசல் திறந்தது, ஆனால் கப்பல் வேண்டுமே. 44 நாடுகள் சேர்ந்து 1943இல் அமைத்த ஐக்கிய நாடுகள் நிவாரண, மறுவாழ்வு நிர்வாகத்திடம் கப்பல்கள் இருந்தன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'அன்ரா' என்பார்கள். அவர்களுக்கு வேறொரு பற்றாக்குறை: கப்பலில் மாட்டையும் குதிரையையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிரெத்ரன் சபை ஆள் பிடித்துத் தருவது, அதற்குப் பதிலாக அன்ரா அவர்களுடைய கிடேரிகளைக் கட்டணமில்லாமல் ஏற்றிச்செல்வது என்று உடன்பாடு ஆயிற்று. பெஞ்சமின் புஷாங் என்ற பென்சில்வேனியப் பால்பண்ணைக்காரர் இந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

இப்படிப் போனவர்களுக்குக் 'கடலோடும் கௌபாய்கள்' என்று பெயர் விழுந்தது. 1945 முதல் 1947 வரை ஏறத்தாழ 7,000 பேர். மீசை முளைக்காத பையன்கள் முதல் பேரன் எடுத்த கிழவர்கள் வரை. பண்ணைப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், போதகர்கள், போருக்குப் போக மறுத்தவர்கள். பலர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. ஒரு பயணத்துக்கு 150 டாலர். சாணி அள்ள வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், வைக்கோல் கட்டுகளைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கி வர வேண்டும், நடுக்கடலில் கன்று ஈன்றால் பேறுகாலம் பார்க்க வேண்டும். புயலில் குதிரைகள் கால் முறிந்து செத்தால் கடலில் தள்ள வேண்டும். கரை நெருங்கும்போது எந்தக் கண்ணிவெடி எங்கே மிதக்கிறதோ என்ற பயம் வேறு. சுமார் 360 பயணங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் விலங்குகள் போயின. அவற்றில் குதிரைகளே அதிகம். உழுவதற்கு எதுவும் மிஞ்சாத போலந்துதான் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. இடிந்து கிடந்த போலந்து நகரங்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிய பல இளைஞர்கள் பின்னாளில் ஆசிரியர்களாகவும் சமாதானப் பணியாளர்களாகவும் ஆனார்கள்.

கிரேக்கத்துக்குப் போனவற்றில் சில வேறு ரகம். 1945இல் கிடேரித் திட்டத்தார் கொடுத்த ஆறு பிரவுன் ஸ்விஸ் காளைகள். மாடுகள் பெருமளவு அழிந்துபோன நாட்டில் செயற்கைக் கருவூட்டலுக்காக, நம் விவசாயிகள் 'சினை ஊசி' என்கிறார்களே, அதற்காக அனுப்பப்பட்டவை.

ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். அன்ரா கொண்டுபோன கால்நடைகளைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசுகள் விவசாயிகளுக்கு விலைக்கு விற்றன. அப்படித்தான் அதன் ஏற்பாடு. கிடேரித் திட்டத்து மாடுகளோ கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கு இலவசம். ஒரே கப்பலில் போன இரண்டு மாடுகள் கரையிறங்கியதும் இரண்டு வேறு உலகங்களுக்குப் போயின.

1947இல் அன்ராவின் ஐரோப்பிய வேலை முடிந்தது. கிடேரித் திட்டம் முடியவில்லை. நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்களுக்கும் போனது. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மன் அகதிகளுக்கு மாடுகள். போரில் கால்நடை அடியோடு அழிந்த ஒக்கினாவா தீவுக்கும் ஜப்பானுக்கும் பால் ஆடுகள். அவற்றைக் கொண்டுபோன குவேக்கர் ஹெர்பர்ட் நிக்கல்சனை ஜப்பானியப் பிள்ளைகள் 'ஆட்டு மாமா' என்று கூப்பிட்டார்கள். கொரியப் போர்க்காலத்தில் அடைகாக்கும் முட்டைகள் விமானத்தில் பறந்தன, பின்னர் தேனீக்களும்.

இதுவரை கதை நன்றாகத்தான் போகிறது. சங்கடம் வெப்பநாடுகளில் தொடங்கியது. குளிர்நாட்டு மாடு உண்ணியையும் வெயிலையும் தாங்காது, அதன் பசிக்கு ஏழையின் அரை ஏக்கர் போதாது. பிரிட்டனில் 1988இல் தொடங்கிய 'செண்ட் எ கவ்' அமைப்பு இதை அனுபவத்தில் கற்றது. ஐரோப்பியப் பொதுச் சந்தை 1984இல் பாலுக்கு வரம்பு விதித்ததால் பிரிட்டிஷ் பண்ணைகளில் நல்ல மாடுகள் உபரியாயின. உள்நாட்டுப் போரில் மந்தைகளை இழந்திருந்த உகாண்டாவுக்கு அவற்றை விமானத்தில் அனுப்பினார்கள். 1996இல் பைத்தியமாட்டு நோய் வந்து ஏற்றுமதியே நின்றது. பிறகு ஆப்பிரிக்காவிலேயே மாடு வாங்கத் தொடங்கினார்கள். இதை முன்பே செய்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும்.

நாளடைவில் இத்தகைய அமைப்புகளில் மாடு கடைசியில் வரும் பொருளாயிற்று. முதலில் நேப்பியர் புல் நட வேண்டும். கொட்டகை போட வேண்டும். மேய்ச்சலுக்கு விடாமல் புல்லை அறுத்துப் போட்டு வளர்க்கப் பழக வேண்டும். சாணத்தை வாழைக்குப் போடக் கற்க வேண்டும். அதன்பிறகுதான் மாடு.

இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல், கடையினும் கடையரான ஏழைப் பெண்களுக்குக் கால்நடையோடு சில மாத உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. இதே முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்த ஆய்வு 2015இல் வந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பின்னும் பலன் நிலைத்திருந்தது. அந்த ஆறு நாடுகளில் ஒன்றான கானாவில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, டீன் கார்லன் உள்ளிட்டோர் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: வெறும் ஆட்டை மட்டும் கொடுத்தால்? அப்படிப் பெற்ற குடும்பங்களில் நிலைத்த முன்னேற்றம் தெரியவில்லை. ஆடு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் எல்லாத் தான விழாக்களுக்கும் கசப்பான செய்திதான் இது.

ஒரு சிறு சபையின் விவசாயிகள் எழுதிய அந்த ஒற்றைக் கன்று ஒப்பந்தத்தை அரசாங்கமே கையில் எடுத்தால் என்ன ஆகும்? 1994 இனப்படுகொலையில் மனிதர்களோடு மாடுகளையும் இழந்த ருவாண்டா, 2006இல் 'கிரிங்கா' என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு என்று தொடங்கியது. முதல் கிடேரிக் கன்று அண்டை வீட்டுக்கு என்ற விதி அங்கும் உண்டு. ஏழைக்கு வந்த மாட்டை உள்ளூர் அதிகாரிகள் தங்களுக்கு வேண்டியவர்கள் தொழுவத்தில் கட்டிய கதைகளும் உண்டு. அவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)