இறால் ஓட்டுக்குள் வெள்ளி

பழவேற்காட்டில் இறால் உரித்தால் ஓடு குப்பைக்குத்தான் போகும். அந்த ஓட்டிலிருந்துதான் கைட்டோசான் எடுக்கிறார்கள்.

1889-ல் அமெரிக்கர் கேரி லீ, சிட்ரேட் துணையோடு வெள்ளியை நுண்துகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்டார். துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடுவதுதான் இதில் எப்போதும் தொல்லை! பின்னாளில் பாலிமர் மூலக்கூறுகள் கூடி அமைக்கும் மைசெல் என்ற நுண்பைக்குள் வெள்ளியை வளர்த்தார்கள். பையைப் பொறுத்துத் துகளின் அளவும் வடிவமும் மாறின.

சென்னை ஐ.ஐ.டி.யின் பிரதீப் குழு 2013-ல் வேறொரு கூடு கட்டியது. கைட்டோசானும் அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் சேர்ந்த கூடு. உள்ளே அடைபட்ட வெள்ளி, லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் மட்டும் கசிந்து கிருமிகளைக் கொல்லும். செலவு, குடும்பத்துக்கு வருடம் இரண்டரை டாலர் என்று கணக்கிட்டார்கள். வெள்ளி விலைக்கு இது மலிவுதான்!

ஆனால் ஏரிக்கரைத் தண்ணீரின் உப்பை வெள்ளி நீக்காது. அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.