ஒரு புரதம், மூன்று பெயர்கள்

புராஸ்டேட் புற்றுநோய்க்காக அச்சுரப்பியை முழுவதும் அகற்றிய பின், குருதியில் பிஎஸ்ஏ என்னும் புரதம் ஏறத்தாழ இல்லாமற்போக வேண்டும். பின்னாளில் அது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் குறையாதிருந்தால், நோய் திரும்பியதாக மருத்துவர்கள் கொள்வர். எங்கே திரும்பியது என்பதை அந்த எண் சொல்லாது. அறுவை நடந்த இடத்திலேயே எனில், கதிர்வீச்சால் குணமாக்க வாய்ப்புண்டு. எலும்பில் எனில், இடுப்புப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சால் மட்டும் பயனில்லை. அத்தனை சிறிய அளவில் சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை.

பெட் ஸ்கேன் இதற்கு உடனே விடையாகவில்லை. குளுக்கோஸை ஒத்த எஃப்டிஜி 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. பின்னர் பல புற்றுநோய்களுக்கு அதுவே அடிப்படையாயிற்று. ஆனால், மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்றணுக்கள் சர்க்கரையைக் குறைவாகவே உட்கொள்கின்றன. மேலும், சிறுநீரில் வெளியேறும் எஃப்டிஜி சிறுநீர்ப்பையை ஒளிரச் செய்து, அருகிலுள்ளதை மறைத்துவிடுகிறது. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கார்பன்-11 கோலினின் அரை ஆயுளோ 20 நிமிடம். சைக்ளோட்ரான் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கே அது பயன்பட்டது.

திருப்பம் வேறு துறையிலிருந்து வந்தது. 1987இல் ஹொரோஸ்விச்சின் குழு, எல்என்கேப் என்னும் புராஸ்டேட் புற்றணுக்களைக் கொண்டு ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கியது. அது பற்றிக்கொண்ட அணுச்சவ்வுப் புரதம் பிஎஸ்எம்ஏ எனப் பெயர் பெற்றது. 1993இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. மூளை ஆய்வாளர்கள், நரம்புப் பெப்டைடு ஒன்றை உடைத்துக் குளுட்டமேட்டை விடுவிக்கும் நாலடேஸ் என்னும் நொதியை ஆராய்ந்துவந்தனர். குடலியல் அறிஞர்களிடம் உணவின் ஃபோலேட்டைச் செரிக்க உதவும் நொதிக்கு வேறொரு பெயர் இருந்தது. 1996 முதல் வந்த ஆய்வுகள் மூன்றும் ஒரே புரதம் என்று காட்டின.

பெயர்கள் இணைந்ததும் கருவிகளும் இணைந்தன. 1996இல் ஒப்புதல் பெற்ற புராஸ்டாசிண்ட் என்னும் கதிரியக்க எதிர்ப்பொருள், புரதத்தின் அணுவுள் பகுதியையே பற்றியது; சவ்வு சிதைந்த, மடியும் அணுக்களில்தான் அது நன்கு ஒட்டிற்று. நொதியின் செயல்மையமோ அணுவுக்கு வெளியே இருந்தது. அதைத் தடுக்கும் சிறுமூலக்கூறுகள் மூளை ஆய்வுக்கென ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்ட்டின் பாம்பர் அவற்றுக்குக் கதிரியக்க அடையாளமிட்டார். அவ்வழியில் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் காலியம்-68 பிஎஸ்எம்ஏ-11ஐ உருவாக்கினர். காலியத்தைச் சைக்ளோட்ரான் இன்றியே சிறு ஜெனரேட்டரிலிருந்து பெறலாம். 2020 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஃபுளூரின்-18 சேர்ந்த பிஃப்ளூஃபோலாஸ்டாட்டும் ஏற்கப்பட்டது.

‘புராஸ்டேட்டுக்கே உரிய’ என்ற பெயர் இன்றும் திருத்தப்படவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல், பிற புற்றுக்கட்டிகளின் புதிய குருதிக்குழாய்கள் ஆகியவற்றிலும் அப்புரதம் உண்டு. சில புராஸ்டேட் புற்றுகளில் அது இல்லை. எனவே, ஒளிரும் புள்ளியெல்லாம் நோயன்று. ஒளிராமை நோயின்மைக்குச் சான்றுமன்று. முன்பு காணாத புள்ளிகளுக்கு மருத்துவம் செய்வதால் ஆயுள் எவ்வளவு நீளும் என்பது இன்னும் ஆராயப்பட்டுவருகிறது. எனினும், ‘எங்கே’ என்ற கேள்விக்குப் பல நோயாளிகளுக்கு இன்று விடை கிடைக்கிறது. அதற்கு வழிதிறந்தவர்களுள் புராஸ்டேட்டை எண்ணிப் பாராத மூளை ஆய்வாளர்களும் உண்டு.