நவச்சாரம் முதல் யூரியா மூட்டை வரை – அம்மோனியாவின் கதை

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்கள் ஒரு காலத்தில் ஊர் ஊராக வருவார்கள். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. தெருவோரம் சிறு குழி தோண்டி, துருத்தியால் ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, அதில் ஒரு வெள்ளைப் பொடியைப் போடுவார்கள். குப்பென்று வெண்புகை கிளம்பும். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்தப் பொடிதான் நவச்சாரம். வேதியியலில் அதன் பெயர் அம்மோனியம் குளோரைடு.

1774ல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி இதே நவச்சாரத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடாக்கி, வெளிவந்த வாயுவைத் தனியாகப் பிடித்தார். அதுவே அம்மோனியா. ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. எடையில் சுமார் 82 சதவீதம் நைட்ரஜன்தான்.

நீரற்ற அம்மோனியா என்றால் என்ன?

கடையில் பாட்டிலில் கிடைக்கும் அம்மோனியா, நீரில் கரைந்த கரைசல். தொழிற்சாலைகள் பயன்படுத்துவது நீர் கலக்காத தூய அம்மோனியா. சாதாரண அழுத்தத்தில் இது மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். நம்மூர் வெயிலில் இதைத் திரவமாக வைத்திருக்க வேண்டுமானால் காற்றழுத்தத்தைப் போல 12 மடங்கு அழுத்தம் தர வேண்டும். இல்லையென்றால் பெரிய தொட்டிகளில் கடுங்குளிரில் வைக்க வேண்டும்.

கசிந்தால் சிறிதளவு திரவம்கூட 800 மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகும். இந்த வாயு காற்றைவிட லேசானது. ஆனால் குளிர்ந்த நிலையில் கசியும்போது ஈரத்துடன் சேர்ந்து பனிமூட்டம் போலத் தரையோடு தவழும். தண்ணீர் என்றால் இதற்கு அவ்வளவு ஆசை. அதனால்தான் ஈரமுள்ள கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றை முதலில் தாக்குகிறது. செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஆகவே இதற்கான குழாய்கள் எஃகினால் செய்யப்படுகின்றன.

ஐஸ் தந்த வாயு

1842ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து அங்கே இறங்கியது. பின்னர் இயந்திர ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே 1870களில் அம்மோனியாவைக் கொண்டு குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். திரவ அம்மோனியா ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம். இன்றும் ஐஸ் ஃபேக்டரி, பால் பண்ணை, மீன் பதப்படுத்தும் நிலையம், குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றில் இதுதான் வேலை செய்கிறது.

ஏரி வண்டலிலிருந்து யூரியாவுக்கு

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. அதில் ஏரி வாரியம் என்று தனிக்குழுவே இருக்கிறது. நெல்லுக்கு அடிப்படை ஏரி. நீர் மட்டுமல்ல, ஏரியில் எடுத்த வண்டலும் வயலுக்கு உரமாயிற்று. அத்துடன் தொழு எரு, ஆட்டுக்கிடை, ஆவாரை, எருக்கு போன்ற தழைகள். பல நூறு ஆண்டுகள் பயிருக்கு நைட்ரஜன் வந்த வழி இதுதான்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1909ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு வந்தார். 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது. உரத்துக்கான அம்மோனியா வெடிமருந்துக்கும் போனது. ஒரே பொருளுக்கு இரண்டு முகம்!

இந்தியாவில் ஆலுவாவில் அமைந்த ஃபாக்ட் நிறுவனம் 1947ல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே விறகை எரித்து வாயுவாக்கி அம்மோனியா செய்தார்கள் என்றால் இன்று நம்புவது கடினம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்தார்கள். 1971ல் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் வந்தது. பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் நாஃப்தாவே மூலப்பொருள். 2019ல் அது இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1975ல் தொடங்கியது.

அமெரிக்காவில் நீரற்ற அம்மோனியாவை நேரடியாக மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். சேறடித்த நெல் வயலுக்கு அது சரிப்படாது. எனவே அம்மோனியாவைக் கரியமில வாயுவோடு சேர்த்து யூரியாவாக்கி மூட்டை கட்டுகிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 26 கிலோ அம்மோனியா செலவாகிறது. ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரக நெல் 1960களில் வந்தபின் இந்த மூட்டை இல்லாமல் பட்டம் இல்லை என்றாகிவிட்டது.

எண்ணூர் இரவு

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நேரம். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த குழு கூறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

உத்திரமேரூர் வயலுக்கும் எண்ணூர் குப்பத்துக்கும் நேர்கோட்டில் 90 கிலோமீட்டர் அளவுதான் தூரம். ஓர் ஊருக்கு அம்மோனியா என்றால் பச்சைப் பயிர். இன்னோர் ஊருக்கு அது நடுராத்திரி பயம். நெல்லை விளைவிக்க ஏரியைக் காக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதற்கென ஒரு வாரியம் வைத்தார்கள். ஏரியின் இடத்தில் பாதியைக் குழாய் பிடித்துக்கொண்ட இந்தக் காலத்தில், அந்தக் குழாயையும் அதே அக்கறையோடு காப்பதுதானே நியாயம்?