சபாத்: யூதர்களின் ஓய்வுநாள்

யூதர்கள் வாரந்தோறும் கடைப்பிடிக்கும் ஓய்வுநாள் சபாத். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு வானில் மூன்று விண்மீன்கள் தெரியும்போது முடிகிறது. ஏறத்தாழ 25 மணி நேரம். யூத நாள்காட்டியில் நாள் மாலையில் பிறக்கிறது என்பதால் வெள்ளி மாலையே சனிக்கிழமையின் தொடக்கம். எபிரேயத்தில் இச்சொல்லின் வேருக்கு ‘நிறுத்துதல்’ என்று பொருள். எதையெல்லாம் நிறுத்துவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் சொன்ன விடைகளே இந்நாளின் வரலாறு.

தோற்றம்

யூதர்களின் மறைநூலான தோராவில் பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு அவை சொல்லும் காரணங்கள் வேறு வேறு. ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்கிறது யாத்திராகமம். எகிப்தில் அடிமையாக இருந்ததை மறவாதே என்கிறது உபாகமம். அடிமைப்பட்ட நினைவிலிருந்து பிறந்த ஓய்வு என்பதால் வேலையாளுக்கும், ஊரில் தங்கிய அயலாருக்கும், மாடு கழுதைக்கும்கூட அதில் பங்கு உண்டு.

பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எருசலேமுக்கு வந்த நெகேமியா, ஓய்வுநாளில் வணிகர் நுழையாதபடி நகர வாயில்களை அடைக்கச் செய்தார். பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மன்னர் நான்காம் அந்தியோக்கஸின் படை தாக்கியபோது, ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்து ஆயிரம் பேர் வரை மாண்டதாக மக்கபேயர் முதல் நூல் கூறுகிறது. அதன்பின் தற்காப்புப் போர் தவறாகாது என்று யூதக் கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவர் தோழர்களும் முடிவெடுத்தனர். உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம், மீறவும் வேண்டும் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற விதி.

39 வேலைகள்

பொ.ஆ. 70இல் ரோமானியர் எருசலேம் கோவிலை அழித்தனர். பலிபீடம் போனபின் வழிபாடு உணவு மேசைக்கும் தொழுகைக்கூடத்துக்கும் இடம்பெயர்ந்தது. சுமார் 200ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல், தடைசெய்யப்பட்ட வேலைகளை 39 வகையாகப் பிரித்தது. உழுது விதைப்பது முதல் ரொட்டி சுடுவது வரை ஒரு வரிசை, ஆட்டு மயிரைக் கத்தரிப்பது முதல் நெய்து தைப்பது வரை இன்னொன்று. நெருப்பு மூட்டுவதும் அணைப்பதும், பொருளை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோவதும் இதில் அடக்கம்.

உடல் வருத்தம் இங்கே அளவுகோல் அன்று. வீட்டுக்குள் நாற்காலியை இழுத்துப் போடலாம். இரண்டு எழுத்து எழுதக் கூடாது. மீனிலிருந்து முள்ளைப் பொறுக்குவதும் ‘பிரித்தெடுத்தல்’ ஆகிவிடுமோ என்ற தயக்கம்தான் முள் நீக்கி அரைத்துச் செய்யும் கெஃபில்டே மீன் பரவக் காரணம் என்று சொல்வதுண்டு.

வீட்டில்

வெள்ளிக்கிழமை பகல் முழுதும் பரபரப்பு. சமைத்து, வீடு கூட்டி, குளித்து முடித்தாக வேண்டும். பல ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது வீட்டுப் பெண் விளக்கேற்றுகிறார். பெரும்பாலும் இரண்டு மெழுகுவத்திகள்: கட்டளையின் ஒரு வடிவம் ‘நினை’ என்றும் மற்றது ‘கடைப்பிடி’ என்றும் தொடங்குவதன் அடையாளம். வழக்கமாக வாழ்த்து முதலில், செயல் பிறகு. ஆனால் இங்கே வாழ்த்தைச் சொன்னதுமே சபாத் தொடங்கிவிடும், பிறகு நெருப்பைத் தொட முடியாது. அதனால் பல வீடுகளில் ஏற்றிய பின் கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறார்கள். கையை எடுக்கும்போதுதான் வெளிச்சம் கண்ணில் படும்.

பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி கூறுவர். திராட்சரசக் கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் கித்தூஷ் நாளைப் புனிதமாக்குகிறது. கைகழுவிய பின் ரொட்டியைப் பிட்கும்வரை யாரும் பேசுவதில்லை. மேசையில் துணிக்கு அடியில் இரண்டு ஹல்லா ரொட்டிகள் இருக்கும். பாலைவனத்தில் வெள்ளிதோறும் மன்னா என்னும் உணவு இருமடங்காகக் கிடைத்ததை அவை நினைவூட்டுகின்றன.

மறுநாள் சூடான உணவுக்கும் வழி உண்டு. இறைச்சி, பயறு, தானியத்தை வெள்ளியன்றே அடுப்பேற்றி இரவெல்லாம் தணலில் விடுவர். கிழக்கு ஐரோப்பாவில் இது சோலண்ட், மொரோக்கோவில் தஃபினா. ஓய்வுநாளில் முன்பே ஏற்றிய நெருப்பும் எரியக் கூடாது என்று, ரபிகள் எனும் சமயச் சட்ட அறிஞர்களின் விளக்கத்தை ஏற்காத கராயர் பிரிவினர் வாதிட்ட காலத்தில், இந்தச் சூடான சோறும் ஏற்றிய விளக்கும் ரபிகளின் வழியில் நிற்பதற்கு அடையாளமாயின.

தொழுகைக்கூடத்தில்

வெள்ளி மாலை வழிபாட்டில் சபாத்தை மணமகளாக வரவேற்கும் முறை, 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேது நகரில் உருப்பெற்றது. அங்கிருந்த ஞானமரபினர் வயல்வெளிக்குச் சென்று மாலையை எதிர்கொண்டனர். சாலமன் அல்கபெட்ஸ் அங்கு இயற்றிய ‘லெகா தோதி’ இன்று உலகெங்கும் பாடப்படுகிறது. கடைசிப் பத்தியில் மக்கள் வாயிலை நோக்கித் திரும்பித் தலைவணங்குவர்.

சனி காலையில் தோராச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து வாசிப்பார்கள். 54 பகுதிகளாகப் பிரித்த தோரா ஓராண்டில் முடிந்து மீண்டும் தொடங்கும். வாசிப்புக்குக் குறைந்தது ஏழு பேர் அழைக்கப்படுவர். இரவு கவிந்ததும் ஹவ்தாலா: திராட்சரசம், நறுமணப் பொருள், பல திரிகள் பின்னிய மெழுகுவத்தி. சுடரை ரசத்தில் நனைத்து அணைத்ததும் வாரம் பிறக்கிறது.

நவீன காலம்

மின்சாரம் வந்ததும் பழைய கேள்வி திரும்பியது: விசையைத் தட்டுவது நெருப்பு மூட்டுவதா? மரபுவழி யூதர்கள் தொடுவதில்லை. பொழுதறிந்து தானே எரியும் விளக்கும், ஒவ்வொரு மாடியிலும் தானே நிற்கும் மின்தூக்கியும் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. அமெரிக்கக் கன்சர்வேடிவ் பிரிவின் ரபிகள் குழு 1950இல் மின்சாரத்தையும், தொழுகைக்கு மட்டும் காரில் வருவதையும் ஏற்றது. இஸ்ரேலில் சனிக்கிழமை அரசு விடுமுறை. எல் அல் விமானங்கள் 1982 முதல் அன்று பறப்பதில்லை.

இந்தியாவில்

கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர் சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால், ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், என்றனர். கேரளத் தொழுகைக்கூடங்களில் தரைத்தளத்தில் ஒன்று, மாடத்தில் ஒன்று என இரண்டு வாசிப்பு மேடைகள் உண்டு. சபாத்தன்று தோரா மாடத்து மேடையில் வாசிக்கப்பட்டது. 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்திலும் இதே அமைப்பு. மரபுப்படி கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அந்தப் பத்துப் பேர் சேர்வது அங்கே அரிது. ஆயினும் சனிக்கிழமைகளில் அக்கூடம் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படுவதில்லை.