கத்தரிக் கொல்லையின் வேப்பம் புண்ணாக்கு

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்துக் கொல்லைகளில் நடவுக்கு முன் மண்ணுக்கு வேப்பம் புண்ணாக்கு இடுகிற வழக்கம் மறைந்துவிட்டது. 2021இல் இந்த ஊர்களெல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தபோது, அங்கே இட்டுப் பார்க்கக் கொல்லையே அநேகமாக மிச்சமில்லை. யாரும் அதற்குத் துக்கம் கேட்கவில்லை. எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்துச் செக்கில் ஆட்டுவார்கள். எண்ணெய் போக மிஞ்சிய சக்கை மண்ணுக்கு. கத்தரியும் தக்காளியும் நடப்போகும் பாத்தியில் இரண்டு வாரம் முன்பே தூவி, கொத்திவிட்டுத் தண்ணீர் காட்டுவார்கள். அது மட்கும்போது வெளிவரும் அசாடிராக்டின், நிம்பின், ஃபீனால்கள், அம்மோனியா எல்லாம் சேர்ந்து வேர்முடிச்சு நூற்புழுவை ஒடுக்கும். பயிருக்குத் தழைச்சத்தும் கிடைக்கும்.

இந்தப் புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வேர் நுனிக்குள் நுழைந்து ஓரிடத்தில் தங்கிவிடும். பெண் புழு அங்கேயே பருத்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெப்பமான மண்ணில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். மேலே தெரிவதெல்லாம் வெளிறிய இலையும், ஈரம் இருந்தும் உச்சிவெயிலில் துவளும் செடியும்தான். இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் பார்பர். 1901இல், தேவாலாவில், தேயிலை வேரில்.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பயறு வேரில் இருக்கும் முண்டு விரலால் தேய்த்தால் உதிரும். அது தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரின் வீடு. புழு வைத்த முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். புண்ணாக்கோடு இந்தக் கைப்பழக்கமும் போனதுதான் பெரிய இழப்பு என்பேன்.

புண்ணாக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது புழுவைக் குறைக்கும், ஒழிக்காது. அதற்குத் துணை நின்றது ஏரி. கத்தரியைத் தாக்கும் நூற்புழுவுக்கு வாரக்கணக்கில் தேங்கும் தண்ணீர் ஆகாது. ஆயக்கட்டில் நெல் நட்டு நீர் கட்டினால், அடுத்துக் காய்கறி வைக்கும்போது புழு குறைந்திருக்கும். வரப்போரம் துலுக்கச் சாமந்தி வைப்பதும் உண்டு. அதன் வேரில் ஊறும் ஆல்ஃபா டெர்தையீனில் என்ற பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு.

பிறகு குருணை மருந்து வந்தது. பியூரடான் எனும் கார்போபியூரான் மூன்று சதவீதக் குருணை. தூவித் தண்ணீர் விட்டால் முடிந்தது வேலை. புழுவின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் அதே நஞ்சு, விதையென்று கொத்திய பறவைகளையும் கொன்றது. கேரளம் 2011இல் தடை செய்தது. 2023இல் மத்திய அரசு மூன்று சதவீதக் குருணையை மட்டும் விட்டுவைத்து மற்ற வடிவங்களை நிறுத்தியது. பியூரடானுக்கு முந்தைய நெமகான் என்ற நூற்புழு மருந்தின் கதை இன்னும் கொடிது. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்கள் மலடானது தெரியவந்தது. இந்தியா தடை செய்ய 1989 ஆனது. சோம்பலால் யாரும் குருணைக்குப் போகவில்லை. கூலியும் நேரமும் கட்டுபடியாகாத விவசாயிக்கு இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்லும் மருந்து பாரமாகிவிட்டது. அடுத்து மனைக்கல் வந்தது. எந்த மருந்துக்கும் வேலையில்லாமல் போயிற்று.

புழு மட்டும் போகவில்லை. நர்சரிப் பையின் செம்மண்ணில் ஏறி மொட்டைமாடிக்கு வருகிறது. கொய்யாவை அழிக்கும் கடுமையான ஒரு வகை 2016இல் தமிழ்நாட்டில் பதிவாயிற்று. அதுவும் கன்றோடு கன்றாகப் பரவுவதுதான். குரோம்பேட்டை மாடியில் தக்காளி துவண்டால் இலைக்கு என்ன தெளிக்கலாம் என்று கேட்கிறார்கள். பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். நனைத்து, ஒளி புகும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, சித்திரை வெயிலில் நான்கைந்து வாரம் விடுங்கள். அதன்பின் புண்ணாக்கைக் கலந்து, இரண்டு வாரம் பொறுத்து நடுங்கள்.