சொல்லும் மறுப்பும்: ஆலிக்ஸ் ஹேரோவின் புதினமும் சேலம் சூனிய வழக்கின் மூன்று சகோதரியரும்

முன்னுரை

வரலாற்றில் அநீதியாகத் தண்டிக்கப்பட்டோரைப் புனைவு மீட்டெடுக்கும்போது அவர்களுக்கு எதனை அளிக்கிறது, எதனைப் பறிக்கிறது என்பது ஆராயத்தக்க வினா ஆகும். அமெரிக்க எழுத்தாளர் ஆலிக்ஸ் ஹேரோ 2020இல் வெளியிட்ட ‘தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் விட்சஸ்’ என்னும் மிகுபுனைவுப் புதினத்தையும், அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றமான மாசசூசெட்ஸின் சேலம் பகுதியில் 1692–93இல் நடந்த சூனிய வழக்குகளையும் ஒப்பிட்டு இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

புதினத்தின் சகோதரியர்

கதை 1893இல், நியூ சேலம் என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. நூலகத்தில் பணியாற்றும் பெல்லா, ஆலைத் தொழிலாளி ஆக்னஸ், ஊரைவிட்டுத் தப்பிவந்த இளையவள் ஜூனிபர் ஆகிய மூவரும் நெடுநாள் பிரிவுக்குப் பின் ஒன்றுசேர்கின்றனர். அது பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய காலம். அவ்வுரிமையை உறுதிசெய்த அமெரிக்க அரசமைப்பின் 19ஆம் திருத்தம் 1920இல்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைப் பாடல்களிலும் பழங்கதைகளிலும் பெண்கள் ஒளித்துவைத்த மந்திரச் சொற்களைச் சகோதரியர் தேடி எடுக்கின்றனர். அவர்களின் பகைவன் கிடியன் ஹில், சூனியத்தை ஒழிப்பதாக முழங்கி நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் அரசியலன். உண்மையில், பன்னூற்றாண்டுகளாகத் தன் உயிரை நீட்டித்துவரும் மாந்திரிகன் அவனே. தீமையைத் தேடுவோரிடத்திலேயே தீமை மறைந்துள்ளது என்பது புதினத்தின் நிலைப்பாடு.

வரலாற்றின் சகோதரியர்

1692இலும் சகோதரியர் மூவர் குற்றஞ்சாட்டப்பட்டனர். ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி, சாரா கிளாய்ஸ் ஆகியோர் டவுன் குடும்பத்தில் பிறந்தவர்கள். புதினத்தின் மூவருக்கு இவர்களே முன்மாதிரி என்று கொள்வதற்கில்லை, இவ்வொப்பீடு கட்டுரையாளருடையது.

ரெபெக்கா 71 வயது மூதாட்டி. அவரது நல்லொழுக்கத்துக்குச் சான்றளித்து அண்டை அயலார் ஏறத்தாழ 40 பேர் கையொப்பமிட்டனர். நடுவர் குழுவும் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றே அறிவித்தது. ஆனால், சூனியத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண் மன்றத்துக்கு அழைத்துவரப்பட்டபோது, அவர் தம்மைச் சேர்ந்தவர் என்ற பொருள்பட ரெபெக்கா கூறியிருந்தார். சக கைதி என்பதே அவர் கருதியது. சக சூனியக்காரி என்று பிறர் பொருள் கொண்டனர். விளக்கம் கேட்கப்பட்டபோது செவித்திறன் குன்றியிருந்த அவர் விடையளிக்கவில்லை. அம்மௌனமே குற்றத்தின் சான்றாயிற்று. தீர்ப்பு மாறியது, ஜூலை 19இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மேரி செப்டம்பர் 22இல் தூக்கிலிடப்பட்டார். சாரா மட்டும் 1693 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்.

மறைந்த தீமை

குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுரு தம்மைத் துன்புறுத்துவதாகச் சிலர் கூறினர். அவ்வுரு அவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. அக்கூற்றை நீதிமன்றம் சான்றாக ஏற்றது. கண்ணுக்குப் புலப்படாமையே மெய்ம்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டால் மறுக்க வழியேது? விளைவாக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார். புதினம் பழைய சேலம் எரிந்தழிந்ததாகக் கற்பிக்கிறது. வரலாற்றுச் சேலத்தில் சூனியக் குற்றத்துக்காக எவரும் எரிக்கப்படவில்லை. மறைந்த தீமை மாந்திரிகன் ஒருவனிடம் இருக்கவில்லை. முறைப்படி அமைந்த நீதிமன்றத்தின் சான்றேற்பு விதியில் இருந்தது.

இங்கேதான் புனைவும் வரலாறும் முரண்படுகின்றன. ஈஸ்ட்வுட் சகோதரியரின் ஆற்றல் உரிய சொல்லைச் சொல்வதில் உள்ளது. டவுன் சகோதரியரின் ஆற்றலோ ஒரு சொல்லைச் சொல்ல மறுத்ததில் இருந்தது. சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்றோர் எவரும் தூக்கிலிடப்படவில்லை, மறுத்தவர்களே உயிரிழந்தனர். ஒரு பொய் தம்மைக் காக்கும் என்றறிந்தும் மேரி அதனைச் சொல்லவில்லை. மாறாக, தம் உயிருக்காக மன்றாடாமல், இனியும் குற்றமற்றோர் இரத்தம் சிந்தப்படலாகாது என்று விண்ணப்பித்தார். குற்றஞ்சாட்டுவோரைத் தனித்தனியே பிரித்து வைத்து விசாரிக்க வேண்டும் என்றும் அதில் வேண்டினார். சாவை எதிர்நோக்கிய ஒரு பெண் நீதிபதிகளுக்கு விசாரணை முறையைக் கற்பித்தார்.

முடிவுரை

1711இல் மாசசூசெட்ஸ் அரசு ரெபெக்கா, மேரி உள்ளிட்ட பலரின் குற்றத் தீர்ப்பை நீக்கி, இழப்பீடும் அளிக்க இசைந்தது. ஹேரோவின் புதினம், ஒடுக்கப்பட்ட பெண்களுக்குச் சினத்தையும் தோழமையையும் வெற்றியையும் வழங்குகிறது. அதிகாரத்தின் முகத்திரையைக் கிழிக்கிறது. இது அதன் சிறப்பு. எனினும், தண்டிக்கப்பட்ட பெண்களிடம் மந்திர ஆற்றல் மெய்யாகவே இருந்ததாகக் கற்பிக்கும்போது, குற்றஞ்சாட்டியோரின் நம்பிக்கையை அது அறியாமலே ஓரளவு ஏற்றுவிடுகிறது. தம்மிடம் மந்திரம் இல்லை என்ற உண்மைக்காகவே உயிர் கொடுத்தவர்களின் துணிவுக்கு அதில் இடமில்லை. இப்புதினத்தைப் பயிற்றுவிப்போர் மேரி ஈஸ்டியின் விண்ணப்பத்தையும் உடன் வைத்துப் பயிற்றுவித்தல் அவ்விடத்தை நிரப்பும்.